ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அளவு 143 என்று குறைவாக வந்திருக்கிறது. முருங்கைக்கீரை, பழைய சோறு சாப்பிட்டாலே ஏறிவிடுமா, ஊசி கட்டாயமா?

கீரையால் ஏறாது. கீரையை நம்பித்தான் எங்கள் வீட்டில் இரண்டு வருடத்தைத் தொலைத்தோம். முருங்கைக்கீரையில் இருப்பது ஃபோலேட், அதாவது பி9. பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியாக்கள், நமக்கு வந்து சேர்வது பால், தயிர், முட்டை, மீன், கறி வழியாக. பழைய சோறும் இட்லி மாவும் புளிக்கும்போது வேறு சில பி வைட்டமின்கள் கூடும், ஆனால் பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது.

நீங்கள் சைவம், பாலும் அதிகம் சேர்க்கமாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா போனதிலிருந்து மீன், கறி தொடவில்லை, பால் என்றால் டீயில் விடுவது மட்டும். சர்க்கரைக்கு 11 வருடமாக மெட்ஃபார்மின். முதலில் பாதம் மதமதப்பு. அப்புறம் "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குப்பா" என்றார். ஒருநாள் வயலிலிருந்து வந்தவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது, இன்னொன்று வரப்பில் கழன்று கிடந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

வழக்கமாகக் காட்டும் இடத்தில் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றார்கள். ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.6 இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும், பி9-ன் மாத்திரை வடிவமான ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமும் கொடுத்தார்கள். நானும் அகத்தி, முருங்கை என்று தினமும் ஏதாவது ஒரு கீரை. நான்கு மாதத்தில் ரத்தம் 10.9. எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் அந்த நான்கு மாதத்தில்தான் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். சிவந்து வழவழவென்று இருந்தது. தட்டினால் அதிர்கிற ஒரு இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்து "அதிருதாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. பி12 பார்த்தால் 96. ரத்த அணு சரியாக உருவாக பி9, பி12 இரண்டும் வேண்டும், பி9-ஐ மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பின் மேலுறைக்குத் தேவையான பி12 இல்லாமல் அது பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும் என்று அவர் விளக்கினார். மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு இருப்பதால் குறைவது வெளியே தெரிவதில்லை.

1000 மைக்ரோகிராம் ஊசி, முதலில் ஒன்றுவிட்டு ஒருநாள், அப்புறம் வாராவாரம், இப்போது மாதம் ஒன்று. நடுவில் இரண்டு வாரம் தவறிப்போனது. குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு 9 நாள் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். மழை வேறு, தார்ப்பாய் போட்டு மூடுவதும் விரிப்பதும்தான் வேலை. அம்மாவை ஊசிக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை.

நாக்கும் அசதியும் சில வாரத்தில் சரியானது. கால் பாதிதான் திரும்பியிருக்கிறது.

சைவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், தினம் இரண்டு டம்ளர் பால், தயிர் என்று இருக்கிற சைவர்கள் நிறையப் பேருக்குக் குறையே வராது. "நம் முன்னோர் சோறு தின்றுதானே வாழ்ந்தார்கள்" என்றும் ஒருவர் நிச்சயம் வருவார். அவர்கள் வீட்டில் மாடு இருந்தது, வாய்க்கால் மீனும் நத்தையும் நண்டும் குழம்பில் இருந்தன. சோற்றைப் பொறுத்தவரை அந்தப் பெருமை பி1-க்குச் சேரும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிப்பக்கத்து பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதனால் தீட்டினாலும் புழுங்கல் அரிசியில் கொஞ்சம் மிஞ்சும். தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த இடங்களில்தான் பெரிபெரி என்ற பி1 குறைபாட்டு நோய் வந்தது. ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் செயலிழந்ததைப் பார்த்துத்தான் எய்க்மான் என்ற டாக்டர் இதன் நுனியைப் பிடித்தார், 1929-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். வடித்த கஞ்சியைக் கொட்டினால் அந்த பி1-ம் தண்ணீரோடு போய்விடும்.

ரேஷன் அரிசியில் கலந்து வந்த செறிவூட்டிய அரிசியை பிளாஸ்டிக் என்று அம்மா பொறுக்கிப் போட்டார், நானும் பேசாமல் இருந்தேன். இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்தது அது. ஆனாலும் அப்படிக் கலந்த அரிசி ஒரு கிலோவில் பி12 சுமார் 1 மைக்ரோகிராம்தான், ஒரு நாள் தேவையே 2-க்கு மேல். 143-க்கு அது போதாது.

நான் டாக்டர் இல்லை. உறிஞ்சுவதில் கோளாறு இல்லாதவர்களுக்கு மாத்திரையே போதும் என்று சொல்வதும் உண்டு. கால் மதமதப்பு, தடுமாற்றம் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், பி12 இல்லாமல் ஃபோலிக் ஆசிட்டை மட்டும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். வீட்டில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், ரிப்போர்ட்டைக் காட்டப் போகும்போது அவர்களையும் கூட்டிப்போய் பி12-க்கு ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் மெட்ஃபார்மின் மாத்திரையை அவர்களாக நிறுத்திவிட வேண்டாம்.