ஊர்ச்சாலையைச் செப்பனிடுவது யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர்ச்சாலை மூன்று மழைக்காலமாகச் சிதைந்து கிடக்கிறது. ஊராட்சியில் ஒன்றியத்தையும், ஒன்றியத்தில் நெடுஞ்சாலைத் துறையையும் கைகாட்டுகிறார்கள். வீட்டு வரி கட்டும் நாங்கள் யாரிடம் கேட்பது?
(கரிசல் பகுதி வாசகர், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: உங்களை இப்படி அலைக்கழிப்பது அநியாயம். அந்தச் சாலை எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ளது என்று, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்டதாக இருந்தால், பணி முடிந்த பின் 5 ஆண்டுகள் ஒப்பந்ததாரரே அதைப் பராமரிக்க வேண்டும்.

வீட்டு வரி ஊராட்சிக்குச் சேர்ந்தாலும், தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்குப் போக, தார் போடும் அளவுக்கு மிஞ்சுவது அரிது. வாகன வரியோ மாநில அரசுக்குச் செல்கிறது. ஆகவே மானியமும் திட்ட நிதியும் வந்தால்தான் பெரிய வேலை நடக்கும்.

ஆனால் பணம் மட்டும் போதாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிப்பதால், வாறுகால் (மழைநீர் வடிகால்) இல்லாத சாலை எத்தனை முறை தார் பூசினாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளந்துவிடும். அக்டோபர் 2 கிராம சபையில், வாறுகாலையும் சேர்த்தே தீர்மானம் எழுதச் சொல்லி, நகலைக் கேட்டு வாங்குங்கள்.