மார்சியானோவின் 49 வெற்றிகள்

அன்புள்ள ஐயா,

ராக்கி மார்சியானோவை ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் மாவீரர்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். 49 போட்டிகள், 49 வெற்றிகள் என்ற எண்ணைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது? அவரிடம் தோற்றபோது முன்னாள் உலக சாம்பியன் ஜோ லூயிஸுக்கு 37 வயது, ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38, ஆர்ச்சி மூரும் நாற்பதை ஒட்டியவர். ஓய்ந்துபோனவர்களை அடித்துப் பெற்ற புகழ் அது. தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுபவர் என்றே நினைக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

லூயிஸைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1951 அக்டோபரில் எட்டாவது சுற்றில் கயிறுகளைத் தாண்டி விழுந்தவர், வரிக் கடனுக்காகத் திரும்பி வந்த களைத்த மனிதர். அந்த வெற்றியை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 25 முறை உலகப் பட்டத்தைத் தக்கவைத்த லூயிஸுக்கு மேலே, 6 முறை தக்கவைத்த மார்சியானோவை வைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

வால்காட்டை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 38 வயதுதான், ஆனால் அன்றைய உலக சாம்பியன் அவர்தான். 1952 செப்டம்பர் 23, பிலடெல்ஃபியா. முதல் சுற்றிலேயே மார்சியானோவைக் கீழே சாய்த்துவிட்டார். தொழில்முறைப் போட்டியில் மார்சியானோ விழுந்தது அதுவே முதல் முறை. 12 சுற்றுகள் முடிந்தபோது மூவரின் புள்ளிக்கணக்கிலும் வால்காட்டே முன்னிலை. நாக்அவுட்டை விட்டால் மார்சியானோவுக்கு வேறு வழியில்லை. பதின்மூன்றாவது சுற்றில் வால்காட் கயிற்றை ஒட்டிப் பின்வாங்குகிறார். இருவரும் ஏறக்குறைய ஒரே நொடியில் வலக்கையை வீசுகிறார்கள். மார்சியானோவின் குத்து மிகக் குறுகியது, அது முந்திக்கொள்கிறது. ஒரு கை கயிற்றில் மாட்டியிருக்க, வால்காட் அப்படியே மடங்கிச் சரிகிறார். ஓய்ந்துபோன கிழவரை வீழ்த்த அப்படி ஒரு குத்து தேவைப்பட்டிருக்காது.

எஸ்ஸார்ட் சார்ல்ஸை உங்கள் கடிதம் குறிப்பிடவே இல்லை. 1954 ஜூனில் மோதியபோது அவருக்கு 32 வயதுதான். 15 சுற்றுகளும் தாக்குப்பிடித்தார். மார்சியானோவை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றவர் வேறு எவரும் இல்லை. செப்டம்பரில் மறுபடியும் மோதினார்கள். இம்முறை மார்சியானோவின் மூக்கு பிளந்து ரத்தம் கொட்டியது. போட்டியை எந்த நேரமும் நிறுத்திவிடலாம் என்ற நிலை. எட்டாவது சுற்றில் சார்ல்ஸை வீழ்த்தி முடித்தார்.

இத்தனையையும் செய்தவரின் எடை சுமார் 84 கிலோ. இன்று அவரை ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான க்ரூஸர்வெயிட் எடைப் பிரிவில்தான் சேர்ப்பார்கள். கை நீளமும் ஹெவிவெயிட் வீரர்களில் மிகக் குறைவு. தள்ளி நின்று ஆடினால் அடி வாங்கியே தோற்றிருப்பார். அதனால்தான் பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன் அவரை இன்னும் தாழக் குனிந்து, எதிராளியின் நெஞ்சுக்கு அடியில் நுழைந்து அடிக்கப் பழக்கினார். பார்க்க அழகில்லாத ஆட்டம். குறையையே ஆயுதமாக்கிய அந்த ஆட்டத்தின்மீது எனக்குத் தீராத மரியாதை உண்டு.

உங்கள் கோபம் அந்த 49 என்ற எண்ணின்மீதுதான் என்றால், என் கோபமும் அதன்மீதுதான். 1950இல் ரோலண்ட் லஸ்டார்ஸாவுடன் சுற்றுக்கணக்கு சமமாக முடிந்து, சமநிலையைத் தீர்க்கத் தனியே தரப்படும் துணைப் புள்ளிகளால்தான் மார்சியானோ வென்றார். அன்று ஒரு நடுவரின் பென்சில் வேறு மாதிரி நகர்ந்திருந்தால் 48 வெற்றி, ஒரு தோல்வி. அதனால் அவர் சிறிய வீரர் ஆகிவிடுவாரா? அந்த 49ஐத் தொட ஒரு வெற்றியே மீதமிருக்க, லாரி ஹோம்ஸ் 48 வெற்றிகளோடு வந்து 1985இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். ஃப்ளாய்ட் மேவெதர் 2017இல் 50ஐத் தொட்டது, அதுவரை தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு போட்டிகூட ஆடியிராத, கலப்புத் தற்காப்புக் கலை வீரரான கோனர் மெக்ரெகரை வென்று. அந்த எண்ணை வைத்து மார்சியானோவைத் தூக்குவதும் தவறு, அதே எண்ணின்மீதுள்ள சலிப்பால் அவரைத் தள்ளுவதும் தவறு.

சார்ல்ஸுடனான முதல் போட்டியின் பதிவைத் தேடிப் பாருங்கள். ஆரம்பச் சுற்றுகளில் சார்ல்ஸின் கைதான் ஓங்கியிருக்கும். நான்காவது சுற்றில் மார்சியானோவின் கண்ணருகே ஆழமாகக் கிழிகிறது. அதன்பிறகு அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துவிட்டு, உங்கள் கருத்து மாறாவிட்டாலும் எழுதுங்கள்.