டைல்ஸை விடுங்கள், முதலில் கூரை

ஷீட் கூரை போட்ட வீட்டில் ஐயாயிரம் ரூபாய்க்குத் தரை டைல்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். டைல்ஸ் இப்போது வேண்டாம். அந்த ஐயாயிரத்தைக் கூரைக்குப் போடுங்கள். வேலூர் மே வெயிலில் ஷீட்டுக்கு அடியில் தரை எவ்வளவு பளபளத்தாலும் யார் உட்காருவது?

ஷீட்டின் மேல்பக்கம் வெயிலைத் திருப்பும் வெள்ளைக் கூலிங் பெயின்ட் இரண்டு கோட். மேற்கே மூங்கில் தட்டி.

பின்சுவரில் பெயின்ட் உரிகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் அடியிலிருந்து ஏறும் ஈரம். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது. அப்படியானால் புட்டி வைத்தாலும் உதிரும். துணி துவைக்கும் கல்லின் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்; அதைத் திருப்பிவிட்டு, சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

ஷீட் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தேய்க்கவோ துளைபோடவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பெயின்ட் அடிக்கும்போதும் மேலே ஏறி மிதிக்கக் கூடாது, ஷீட் உடையும்; ஏணியில் நின்று நீளக் கம்பு ரோலரால் அடியுங்கள்.