ஒன்பது பேருடன் கிளித்தட்டு ஆடுவது எப்படி?

வணக்கம். ஓர் அணி கோடுகளில் நின்று மறிக்க, மற்ற அணி தொடப்படாமல் அவற்றைக் கடக்கும் கிளித்தட்டு ஆட்டத்துக்கு, அடுக்ககத் திடலில் கூடும் ஒன்பது பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது என்றும், மறிப்பவர்கள் கோட்டை விட்டு இறங்கித் தொடுவதால் எழும் சண்டையை எப்படித் தீர்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள்.

நான்கு பேர் கொண்ட இரண்டு அணிகளாகப் பிரித்துவிட்டு, அவர்களில் ஆறு வயதுக் குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற (கோடுகளைக் கடக்கிற) அணி எதுவோ அதனுடன் அக்குழந்தை ஓடலாம், தொட்டாலும் ஆட்டமிழப்பு இல்லை.

இருபத்து நான்கு அடி நீளமும் பதினாறு அடி அகலமும் கொண்ட கட்டத்தில் நான்கு குறுக்குக் கோடுகளும் (முதலும் கடைசியும் எல்லைக் கோடுகளே), அவற்றை வெட்டிச் செல்லும் ஒரு நடுக்கோடும் போட்டால் ஆறு பெட்டிகள் கிடைக்கும். குறுக்குக் கோட்டுக்கு ஒருவராக நிற்கும் நால்வரில் முதல் கோட்டில் நிற்பவரே கிளி. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம் என்பதால், பிள்ளைகளில் வேகமானவரை அங்கே நிறுத்துங்கள். எல்லாக் கோடுகளையும் பிடிபடாமல் கடந்து, திரும்பி வந்து வெளியேறுபவர் "உப்பு" என்று கூவினால் அணிக்கு ஒரு புள்ளி.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புக் கோடுதான். நான்கு கால்கள் பட்டதும் அது அழிந்துவிடுகிறது. மண் தரையாக இருந்தால் குச்சியால் ஆழமாகக் கீறி, தொடும் கணத்தில் மறிப்பவரின் இரு பாதங்களும் கோட்டின் மேல் இருந்தால்தான் அந்தத் தொடுதல் செல்லும் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.