ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகும் கீமோ தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, "கட்டியை முழுசா எடுத்தாச்சு" என்று சர்ஜன் சொன்னார். இப்போது கீமோவும் வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்த பிறகு எதற்குக் கீமோ? வேண்டாம் என்று சொல்லலாமா?

"முழுசா எடுத்தாச்சு" என்று சர்ஜன் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொன்னது கண்ணுக்கும் கைக்கும் ஸ்கேனுக்கும் தெரிந்ததைப் பற்றி. ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும். சில மில்லிமீட்டருக்கும் சிறிய கூட்டம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்பே சில செல்கள் ரத்தம் வழியாகவோ நிணநீர் வழியாகவோ கிளம்பி, கல்லீரலிலோ நுரையீரலிலோ போய் ஒட்டியிருக்கலாம். கீமோ அவற்றுக்காகத்தான். அப்படி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமலேயே மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முடிவு இவ்வளவு கஷ்டமாக இருப்பதும் அதனால்தான்.

அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்தது இல்லை; வெட்டியெடுத்த குடலைச் சோதித்து, அதற்குப் பிறகு கொடுத்த ரிப்போர்ட். அதில் ஒரு வரி "டி3 என்1, 2/17" என்கிற மாதிரி இருக்கும். டி3 என்றால் கட்டி குடல்சுவரின் தசை அடுக்கைத் தாண்டிவிட்டது. என்1 என்றால் ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் இருக்கிறது. 2/17 என்றால் 17 நெறிக்கட்டிகளை எடுத்துச் சோதித்ததில் இரண்டில் புற்றுநோய் இருந்தது. இந்தப் பின்னத்தில் மேலே இருக்கும் எண்ணைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கீழே இருப்பதும் அதே அளவு முக்கியம். குறைந்தது 12 நெறிக்கட்டிகளாவது பார்த்திருக்க வேண்டும். "0/6" என்று இருந்தால், நோய் பரவவில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது; போதுமான அளவு தேடவில்லை என்று பொருள்.

மேலே இருக்கும் எண் ஒன்றோ அதற்கு மேலோ என்றால் அது மூன்றாம் நிலை. அந்த நிலையில் கீமோவுக்கான ஆதாரம் மிக வலுவானது. மூன்றாம் நிலையில் 100 பேரை எடுத்துக்கொண்டால், தோராயமாக 50 பேர் ஆபரேஷனாலேயே குணமானவர்கள். கீமோ இல்லாமலும் அவர்களுக்கு நோய் திரும்பாது. இன்னும் 20 பேர் போலக் கீமோவால் தப்பிக்கிறார்கள். மீதிப் பேருக்குக் கீமோ கொடுத்தும் நோய் திரும்புகிறது. உங்கள் அப்பா இதில் எந்தக் கூட்டம் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் 100-க்கு 20 என்பது புற்றுநோய் மருத்துவத்தில் பெரிய எண். மூன்றாம் நிலையில், உடம்பு தாங்கும் நிலையில் இருக்கும் ஒருவர் கீமோவே வேண்டாம் என்று விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நெறிக்கட்டி எதிலும் நோய் இல்லாத இரண்டாம் நிலையில் கணக்கு வேறு. அங்கே கீமோவால் கிடைக்கும் பலன் 100-க்கு 3, 4 பேர் அளவில்தான். அதனால் ரிப்போர்ட்டின் மற்ற வரிகளையும் பார்க்க வேண்டும். கட்டி குடலின் வெளியுறையைத் துளைத்த டி4 நிலையா, குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாக ஆபரேஷன் நடந்ததா, ரத்தக்குழாய்க்குள்ளோ நரம்பைச் சுற்றியோ செல்கள் தெரிந்தனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் கீமோ பக்கம் சாயலாம். எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ சோதனை (செல்லின் மரபணுப் பிழைகளைத் திருத்தும் அமைப்பு கட்டியில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது) செய்யாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எம்எம்ஆர் குறைபாடு உள்ள இரண்டாம் நிலைக் கட்டிகள் பொதுவாகத் திரும்புவது குறைவு. வழக்கமான கீமோ மாத்திரையால் அவர்களுக்குப் பலனும் கிடைப்பதில்லை. அதே குறைபாடு மூன்றாம் நிலையில் இருந்தால், கீமோவோடு நோயெதிர்ப்பு மருந்து சேர்ப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முதல் நிலை என்றால் கீமோ தேவையில்லை.

டாக்டர் "திரும்பும் வாய்ப்பை 30 சதவீதம் குறைக்கும்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். "எத்தனையிலிருந்து எத்தனைக்கு?" என்று கேளுங்கள். திரும்பும் வாய்ப்பு 50 என்றால் அது 35 ஆகிறது, 100-ல் 15 பேருக்குப் பலன். வாய்ப்பு 10 என்றால் அது 7 ஆகிறது, 3 பேருக்குத்தான் பலன். சதவீதம் ஒன்றுதான், முடிவு வேறாகலாம். கீமோ இல்லாமல் எவ்வளவு, கீமோவோடு எவ்வளவு, பக்கவிளைவு நிரந்தரமாகத் தங்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த மூன்றாவது எண்ணில் முக்கியமானது ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து. இதை ஏற்றிய நாட்களில் குளிர்ந்த தண்ணீர் டம்ளரைத் தொட்டால் விரலில் ஷாக் அடித்த மாதிரி இருக்கும், குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகும். இது சில நாட்களில் போய்விடும். பல தவணைகள் சேரச் சேர வரும் மரத்துப்போதல்தான் பிரச்சினை. சட்டைப் பொத்தான் போட முடியாது, காலில் செருப்பு இருக்கிறதா கழன்றதா என்று தெரியாது. சிலருக்கு இது வருடக்கணக்கில் நிற்கும். மூன்று மாதக் கீமோவையும் ஆறு மாதக் கீமோவையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஐடியா ஆய்வு இங்கே பெரிய நிம்மதி தந்தது. கேபாக்ஸ் முறையில் (மூன்று வாரத்துக்கு ஒரு ஆக்ஸாலிபிளாட்டின் ஊசி, 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, 7 நாள் ஓய்வு) ஆறு மாதம் எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்பு வந்தது. மூன்று மாதம் மட்டும் எடுத்தவர்களில் அது 15 சதவீதம். கட்டி டி1 முதல் டி3 வரை, நோய் உள்ள நெறிக்கட்டி மூன்றுக்குள் என்று இருந்தவர்களுக்கு மூன்று மாத கேபாக்ஸே போதுமானதாக இருந்தது. அப்பா இந்த வகையில் வந்தால், கேட்க வேண்டியது நான்கு தவணையா எட்டுத் தவணையா என்பதுதான். டி4 என்றாலோ நோய் உள்ள நெறிக்கட்டி நான்கோ அதற்கு மேலோ என்றாலோ ஆறு மாதம்தான் இன்னும் வழக்கம்.

வயதைப் பொறுத்தவரை 66 ஒரு தடையே அல்ல. 70 தாண்டியவர்களுக்கு ஆக்ஸாலிபிளாட்டினால் கூடுதலாகக் கிடைப்பது சந்தேகம் என்பதால் மாத்திரை மட்டும் கொடுப்பதுண்டு. சர்க்கரை நோயால் ஏற்கெனவே கால் மரத்திருந்தால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முடிவெடுக்க அவகாசம் உண்டு, ஆனால் நிறைய இல்லை. ஆபரேஷன் முடிந்து 4 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. தள்ளத் தள்ளப் பலன் குறையும். 12 வாரம் தாண்டினால் பிரயோஜனம் இருக்குமா என்பதே கேள்விக்குறி. தையல் ஆறவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுப்பதில் தவறில்லை. இரண்டாவது கருத்துக் கேட்பதாக இருந்தால் அதை இந்த வாரமே கேளுங்கள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளை விட்டுவிடக் கூடாது. ஒன்று டிபிடி நொதிக் குறைபாட்டுக்கான மரபணுச் சோதனை. அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குக் கேப்சிடபினோ, அதே வகை ஊசி மருந்தான 5-எஃப்யூவோ வழக்கமான அளவில் கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி, கடும் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் ரத்த அணுச் சரிவும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். இன்னொன்று ஹெபடைட்டிஸ் பி. உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும் அந்த வைரஸ் கீமோவின்போது கிளர்ந்தெழக்கூடும். தொடங்கிய பிறகு காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வீட்டில் மாத்திரை கொடுத்துக் காலை வரை பார்ப்பது கூடவே கூடாது.

ரத்தத்தில் புற்றுநோய் மரபணுத் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் வந்திருக்கிறது. 2022-ல் வெளியான டைனமிக் ஆய்வில், இரண்டாம் நிலையில் இந்தச் சோதனையை வைத்து முடிவெடுத்தபோது கீமோ பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தார்கள். நோய் திரும்புவது கூடவில்லை. இரண்டாம் நிலையில் ஊசலாடுபவர்களுக்கு இது உதவும். மூன்றாம் நிலையில் இதன் "நெகட்டிவ்" முடிவை நம்பிக் கீமோவை விடும் அளவுக்கு இன்னும் ஆதாரம் இல்லை.

(இங்கே சொன்ன எண்களெல்லாம் பெருங்குடலுக்கு மட்டும். மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பி உள்ள பலருக்கு 21 மரபணுச் சோதனையை வைத்தே கீமோவைத் தவிர்க்க முடிகிறது. கணையத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ ஏறக்குறைய கட்டாயம்.)

கடைசியாக, இந்தப் பேச்சில் அப்பாவும் உட்கார வேண்டும். விரல் நுனியில் வேலை செய்கிறவருக்கு மரத்துப்போதல் பெரிய இழப்பு, இன்னொருவருக்கு அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. அவர் எதைத் தாங்கத் தயார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. தயங்கினாரென்றால் இதைச் சொல்லுங்கள்: தொடங்கிவிட்டால் முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் விரல் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்பார். மரத்துப்போதல் அடுத்த தவணை வரை தங்கினால் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடரலாம்.