14 கையெழுத்தில் ஒன்று பொய்யானாலே போதும்

கேள்வி: 1983 உலகக் கோப்பையை வென்ற அணியின் 14 வீரர்களும் கையெழுத்திட்ட கிரிக்கெட் பேட் என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையச் சந்தை ஒன்றில் ரூ. 85,000 கொடுத்து வாங்கினேன். வந்து ஏழு வாரம் ஆகிறது. 2022 மார்ச்சில் 14 பேரும் நேரில் கையெழுத்திட்டார்கள் என்று விற்றவரே கொடுத்த சான்றிதழும் இருக்கிறது. பேட்டைப் பார்த்த நண்பர், எல்லாம் ஒரே ஆள் போட்டதுபோல் இருக்கிறது என்கிறார். விற்றவரோ, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். போலி என்று எப்படி நிரூபிப்பது? போலீசுக்குப் போகலாமா?

பதில்: சான்றிதழின் தேதியை இன்னொரு முறை பாருங்கள். அந்த அணியின் யஷ்பால் சர்மா 2021 ஜூலை 13 அன்று காலமானார். 2022 மார்ச்சில் அவர் கையெழுத்திட்டிருக்க முடியாது. 14 பேர் என்று சொல்லி விற்ற பொருளில் ஒருவர் இல்லையென்றாலும் விவரிப்பு பொய்தான். மீதி 13 பேருடையதும் போலி என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை.

1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது: விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும். ‘திரும்பப் பெறப்படாது’ என்ற வரி, மனம் மாறித் திருப்பித் தருகிறவரைத் தடுக்கலாம். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்னும்போது விற்றவருக்குக் கேடயமாகாது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளும், விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன.

விற்றவர் ‘தேதி அச்சுப்பிழை’ என்று நழுவுவார். அதனால் பேட்டையும் பாருங்கள். முதலில் பெயர்களை எண்ணுங்கள். 14-ல் சுனில் வால்சனும் உண்டு. அந்தத் தொடரில் ஓர் ஆட்டமும் ஆடாதவர் என்பதால், ஆடியவர்களின் பட்டியலை வைத்துப் போடுகிறவர் தவறவிடக்கூடிய பெயர் அது.

பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கோடு சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. மை ஓரங்களில் தடித்தும் நடுவில் வெளிறியும் இருந்தால் ரப்பர் முத்திரையாக இருக்கலாம். மேற்பூச்சு இல்லாத வில்லோ மரத்தில் மார்க்கர் மை மரத்தின் நரம்போடு மெல்லிய இழைகளாகக் கசியும். ஒட்டிய பிரதி அப்படிக் கசியாமல் படலமாக மேலேயே நிற்கும். பழகிய கை வேகமாக எழுதும், கோட்டின் முனை மெலிந்து முடியும். பார்த்து எழுதுகிற கை தயங்கும்: நடுக்கம், தேவையில்லாத இடத்தில் பேனா எடுத்து வைத்த தடம், மழுங்கிய முனை. உங்கள் நண்பர் சொன்னதும் கவனிக்க வேண்டியதே. 14 பேர் கை மாற்றி எழுதினால் சாய்வும் அளவும் அழுத்தமும் ஆளுக்கு ஆள் மாறும். பேனா ஒன்றாக இருக்கலாம், கை ஒன்றாக இருக்கக் கூடாது.

ஒப்பிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1983-ல் போட்ட கையெழுத்தையும் 40 ஆண்டு கழித்துப் போட்டதையும் பக்கத்தில் வைத்து ‘மாறியிருக்கிறது’ என்பதில் பயனில்லை, மாறத்தான் செய்யும். அதே காலத்தில் போட்ட, ஐயமில்லாத நான்கைந்து மாதிரிகள் வேண்டும். மறுபக்கம், ஒரு மாதிரியோடு அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் மகிழாதீர்கள். ஒரே மனிதர் இரண்டு முறை துல்லியமாக ஒரே மாதிரி போடுவதில்லை. அது நகலெடுத்ததற்கான அடையாளம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, விற்றவரே எழுதிக் கொடுத்தது அவருடைய வாக்குமூலம்தான், வேறொன்றுமில்லை. உங்கள் வழக்கில் அது அவருக்கே எதிரான சாட்சி என்பதால் பத்திரமாக வையுங்கள். 1990-களில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் பிடிபட்ட கும்பல்களும் போலிக் கையெழுத்துகளைச் சான்றிதழோடுதான் விற்றன.

இனி அவசரமான வேலை. பொருளை ஏற்க மறுப்பதாகச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும் (சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 42). அதன்பின் நஷ்டஈடு கேட்கலாமே தவிர, பொருளை நிராகரிக்கும் உரிமை பொதுவாகப் போய்விடும். ஏழு வாரம் ஓடிவிட்டது. போனில் பேசிக்கொண்டிராமல் இன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ‘விவரிப்புக்குப் பொருந்தாததால் நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று எழுதுங்கள். பேட்டை நீங்களே அனுப்பி வைக்க வேண்டியதில்லை, நிராகரிப்பைத் தெரிவித்தாலே போதும் (பிரிவு 43). பேட்தான் உங்கள் முக்கியச் சான்று; கையை விட்டுப் போகக் கூடாது. துடைக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், மை அழிகிறதா என்று சானிடைசர் தடவிப் பார்க்காதீர்கள். விளம்பரப் பக்கம் நீக்கப்படும் முன் படமெடுத்து வையுங்கள்.

இணையச் சந்தையின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நீங்கள் எழுத்தில் கேட்டால் விற்றவரின் விவரங்களையும் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், ரூ. 5 லட்சம் வரை கட்டணமில்லை. கால வரம்பு 2 ஆண்டு. ஒரு எச்சரிக்கை: மறுவிற்பனைக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. ‘விலை ஏறியதும் விற்கலாம்’ என்று விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், அதை அவர் கட்டாயம் எடுத்து நீட்டுவார்.

கையெழுத்து நிபுணரின் கருத்து சாட்சியமாகும் (இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 39). ஆனால் அதை மட்டும் நம்பி நீதிமன்றங்கள் எளிதில் முடிவெடுப்பதில்லை. இறந்த தேதியும் சான்றிதழும் உங்கள் கையில் இருக்கும்போது நிபுணர் கட்டணத்தை இப்போதே செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

போலீஸ்? ஏமாற்றுதல் குற்றம் (இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 318) நிரூபணமாக, விற்கும்போதே அவருக்கு வஞ்சக எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அவரும் வேறொருவரிடம் ஏமாந்து வாங்கியிருக்கலாம். அவர் அதே ரகப் பேட்டுகளைப் பலருக்கு விற்றிருப்பதாகத் தெரிந்தால் புகார் கொடுங்கள். அது தெரியாதவரை, பணம் திரும்ப வர நுகர்வோர் ஆணையமே நேர்வழி.

எரிச்சலில் பேட்டை இன்னொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள். ஐயம் வந்தபின் அசல் என்று சொல்லி விற்றால், அதே 318-வது பிரிவு உங்கள் மேல் பாயும்.