புரோகிராமர் ஜோக்குகளில் மனைவியை இழுப்பது வெறும் வேடிக்கைதானே, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் மென்பொருள் எழுதுகிறவள் நான். பதினோரு ஆண்டுகளாக இந்த ஜோக்குகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் அறிந்த பால் ஜோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு பாக்கெட் பால் வாங்கி வாருங்கள், முட்டை இருந்தால் ஆறு வாங்குங்கள்" என்கிறாள் மனைவி. புரோகிராமர் கணவன் ஆறு பாக்கெட் பாலோடு வந்து நிற்கிறான். ஏன் என்றால், "முட்டை இருந்ததே!" என்கிறான்.

ஜோக் அருமையானது. நிபந்தனைக்குப் பின்னால் வரும் 'ஆறு' எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்றுத்தர முடியாது. முதல் முறை கேட்டபோது நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

"இதில் அசடு வழிவது ஆண்தானே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அசட்டுத்தனம் அவனுக்கு எப்படி வந்தது? எந்நேரமும் நிரல் நினைப்பிலேயே இருப்பதால் வந்தது. கிண்டல் மாதிரித் தெரிந்தாலும் அது பாராட்டுதான். மனைவிக்கு அந்தக் கிண்டல்கூட இல்லை. அவள் வீட்டில் பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அவள் கதை. 'மனைவி' என்ற மென்பொருளை நிறுவியதிலிருந்து கணினி மெதுவாகிவிட்டது, அழிக்கவும் முடியவில்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு ஜோக்கில் அவள் மனுஷியாகக்கூட இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்காக எட்டுப் பேர் வந்தார்கள். அதில் இருவர் பெண்கள். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று நிரலில் எழுதும் 'இஃப்' நிபந்தனையைப் பாடம் நடத்திய சீனியர் பால் ஜோக்கைச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் இருந்த பாகூர்ப் பெண்ணைப் பார்த்து, "நாளைக்கு உன் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொல்லி அனுப்பம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். நோட்டில் அவள் எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றுவிட்டது. வகுப்பு முடியும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் என்னிடம் வந்தாள். "அக்கா, நான் டெஸ்டிங் பக்கம் போய்விடட்டுமா?"

டெஸ்டிங் என்பது மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. அது மட்டமான வேலை இல்லை, அதற்கும் கூர்மையான புத்தி வேண்டும். ஆனால் முந்தைய நாள் மாலைதான், தள்ளுபடிக் கணக்கில் வந்த ஒரு பிழையைத் தேடி, ஆறரை மணி பஸ்ஸையும் விட்டுவிட்டு உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தாள். அப்படிப்பட்டவள் ஏன் போக வேண்டும்?

அவளிடம் எனியாக் என்ற பழைய கணினியின் கதையைச் சொன்னேன். 1946-இல் அமெரிக்காவில் அந்தக் கணினியை உலகுக்குக் காட்டியபோது அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அதற்கு முன் அவர்கள் எறிகணைகள் செல்லும் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். 'கம்ப்யூட்டர்' என்பதே அவர்களுடைய பதவியின் பெயராக இருந்தது. நிரல்மொழி எதுவும் கிடையாது. கம்பிகளைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பித்தான் இயந்திரத்துக்குக் கணக்கைச் சொல்ல வேண்டும். வந்தவர்களை வியக்கவைத்த அந்தச் செயல்விளக்கத்துக்கு உழைத்தவர்களை அன்றிரவு நடந்த விருந்துக்கு அழைக்கவில்லை. அதன்பின் 1952 வாக்கில் நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர் என்ற ஒன்றை முதலில் செய்துகாட்டியவர்களில் முன்னால் நிற்பவர் கிரேஸ் ஹாப்பர். அவரும் பெண்தான்.

"அந்த ஆறு பேர் பெயர் என்ன அக்கா?" என்று கேட்டாள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியில் நின்ற அந்த வரிக்குக் கீழே எழுதிக்கொண்டாள். டெஸ்டிங் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சீனியர் கெட்டவர் அல்ல. பழக்கம், நாக்கில் வந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது முகம் வாடிப்போனார். அடுத்த பயிற்சியை என்னையே நடத்தச் சொல்லிவிட்டார்.

நானும் பால் ஜோக்கைத்தான் சொல்கிறேன். என் கதையில் முத்தியால்பேட்டையில் ஓர் அப்பா, புரோகிராமர் மகளிடம் பையைக் கொடுத்து மளிகைக் கடைக்கு அனுப்புகிறார். ஆறு பாக்கெட் பாண்லே பாலோடு அவள் திரும்பி வரும்போது வகுப்பு அதே மாதிரிதான் சிரிக்கிறது.